25 ரூபாய் உத்தியோகமும் ஒரு விளக்குப் பெட்டியும்

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ரயில்வேயில் உத்தியோகம். மாதம் பிறந்தால் சம்பளம். வயது 22. பெண் கொடுக்க நாலு பேர் வந்து திண்ணையில் உட்காருகிறார்கள். இந்தச் சமயத்தில் அவன் ஒரு நாள் வந்து, "அம்மா, நான் வேலையை விட்டுவிடப் போகிறேன். ஒரு வெள்ளைக்காரரிடம் படம் காட்டும் பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகப் போகிறேன்" என்கிறான். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கோயமுத்தூர்ப் பக்கத்துத் தாயாராக இருந்தால், "ஏனுங்க, உங்க பையன் சொல்றதைக் கேட்டீங்களா?" என்று வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். வேறு ஊராக இருந்தால், "யார் கண் பட்டதோ!" என்று மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போடுவார். எந்த ஊராக இருந்தாலும் அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

இது நானாகக் கட்டிய கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். 1905-ம் வருஷம் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் இதைச் செய்தே காட்டினார். சாமிக்கண்ணு வின்சென்ட் என்று பெயர். அவரைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேசப் போகிறேன். சினிமாவை நீங்கள் விரும்பினாலும் சரி, 'அந்தப் பேச்சே வேண்டாம்' என்று சொல்லுகிறவராக இருந்தாலும் சரி, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இந்த மனிதரின் கதையில் சினிமாவைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது.

சாமிக்கண்ணு 1883-ல் கோயமுத்தூரில் பிறந்தவர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைபடம் போடும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளம் மாதம் 25 ரூபாய். இந்தக் காலத்துக் குழந்தைகள் கேட்டால் சிரிப்பார்கள். அன்றைக்கு அது ஒரு குடும்பம் மரியாதையாகச் சாப்பிடக்கூடிய சம்பளம். அதோடு ரயில்வே உத்தியோகம் என்றால் ஊரில் உள்ள கௌரவமே தனி.

அந்தச் சமயத்தில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் படம் காட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்தவர், திருச்சிக்கு வந்த இடத்தில் உடம்புக்கு வந்து படுத்துவிட்டார். இனி ஊர் சுற்ற முடியாது, சொந்த தேசத்துக்கே திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தார். கையில் இருந்த இயந்திரத்தையும் படச் சுருள்களையும் விற்க ஆள் தேடினார். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் விலை. நம் சாமிக்கண்ணு அதை எப்படியோ புரட்டிக் கொடுத்து வாங்கிவிட்டார்.

சகோதரிகளே, நீங்கள் வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள். இந்தக் கணக்கையும் ஒரு நிமிஷம் போட்டுப் பாருங்கள். மாதம் 25 என்றால் வருஷத்துக்கு 300 ரூபாய். அரிசி, பருப்பு, துணிமணி எதுவும் வாங்காமல் சம்பளத்தை அப்படியே உண்டியலில் போட்டு வைத்தாலும், சுமார் ஏழு வருஷம் சேர்த்தால்தான் அந்தப் பெட்டியை வாங்க முடியும். ஏழு வருஷச் சம்பளத்தை ஒரு பெட்டிக்குக் கொடுத்துவிட்டு, வருகிற சம்பளத்தையும் விட்டுவிட்டு வீதியில் இறங்குவது சாதாரணத் துணிச்சலா?

அது என்ன பெட்டி? பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் 1895-ல் காசு வாங்கிக்கொண்டு முதன்முதலாகப் படம் காட்டினார்கள். 1896 ஜூலையில் அது பம்பாய்க்கு வந்துவிட்டது. அந்த அதிசயத்தின் வாரிசுதான் இந்தப் பெட்டியும். கையால் ஒரு பிடியைச் சீராகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுகிற கை தளர்ந்தால் திரையில் நடக்கிறவன் நொண்டுவான். கை வேகமெடுத்தால் அவன் ஓடுவான். படத்துக்குப் பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. வாங்கிய படங்களில் முக்கியமானது ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டுவது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். இதற்குச் சில வருஷங்கள் கழித்துப் பம்பாயில் தாதா சாகேப் பால்கே என்பவர் ஏசுநாதர் சரித்திரத்தைப் படமாகப் பார்த்தார். 'நம் ராமரையும் கிருஷ்ணரையும் இப்படித் திரையில் காட்டினால் என்ன?' என்று அவருக்குத் தோன்றிற்று. அந்த ஆசையிலிருந்து பிறந்ததுதான் 1913-ல் வந்த 'ராஜா ஹரிச்சந்திரா'. நம் நாட்டுக் கதைப் படங்களின் வரிசையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. வடக்கே பால்கேக்கு வழி காட்டிய அதே கதை, தெற்கே சாமிக்கண்ணுவின் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது!

சரி, படம் காட்ட வெளிச்சம் வேண்டுமே! 1905-ல் நம் ஊர்களில் மின்சாரம் ஏது? ஊர் சுற்றிப் படம் காட்டியவர்கள் அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, அதிலிருந்து வரும் வெள்ளை வெளிச்சத்தைக்கொண்டு சமாளித்தார்கள். படச் சுருளோ நெருப்புப் பட்டால் குபீரென்று பற்றிக்கொள்ளும் சாமான். 1897-ல் பாரிஸில் ஒரு தர்மக் கண்காட்சியில் படம் காட்டும் விளக்கிலிருந்து தீப்பிடித்து 120 பேருக்கு மேல் மாண்டு போனார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்மணிகள். ஆக, சாமிக்கண்ணு வாங்கியது ஒரு விளையாட்டுச் சாமான் என்று எண்ணாதீர்கள். பணத்துக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து என்று தெரிந்தே செய்கிற தொழில் அது.

'அப்படியானால் திருச்சியிலேயே ஓர் இடத்தைப் பிடித்துக் காட்ட வேண்டியதுதானே, ஏன் ஊர் சுற்ற வேண்டும்?' என்று உங்களில் யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. அன்றைக்குப் படத்தை இப்போது போல வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் வரவில்லை. புடவை வாங்குவது போல விலை கொடுத்துச் சொந்தமாகவே வாங்க வேண்டும். ஒரே புடவையை எத்தனை கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போவது? ஊரில் எல்லோரும் பார்த்தாகிவிட்டால் புடவையை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஊரை மாற்ற வேண்டும். படம் கையில் கொஞ்சம்தான் இருந்தது. ஆகவே அவர் ஊரை மாற்றினார்.

கூடாரம், கம்பம், கயிறு, பெட்டி, ஆட்கள் எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். சென்னைக்குப் போனார். வடக்கே லக்னோவுக்குப் போனார். லாகூருக்கும் பெஷாவருக்கும்கூடப் போனார். அவை இரண்டும் இன்று பாகிஸ்தானில் இருக்கின்றன. கோயமுத்தூர்ப் பிள்ளை ஒருவர், பாஷை தெரியாத பெஷாவரில் கூடாரம் அடித்துக் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார் என்றால் நம்ப முடிகிறதா? பேசாத படமாக இருந்தது அதற்கு ஒரு விதத்தில் சௌகரியம். தமிழனுக்கும் பட்டாணியனுக்கும் ஒரே படம் போதும். அழுகைக்கும் சிரிப்புக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை அல்லவா?

இந்த ஊர்சுற்றும் கொட்டகைகளால் பெண்களுக்குக் கிடைத்ததையும் சொல்லாமல் விடக் கூடாது. கோயில் திருவிழா, கூத்து, கல்யாணம் இவற்றைத் தவிர வீட்டுப் பெண்கள் வெளியே போய் உட்கார்ந்து பார்க்க அப்போது என்ன இருந்தது? நம் பக்கத்துக் கூடாரக் கொட்டகைகளில் பெண்களுக்கென்று தனிப் பகுதி தடுத்து விடுகிற பழக்கம் வந்தது. கைக்குழந்தையோடு போய்த் தரையில் உட்கார்ந்து, காணாத தேசத்துக் கடலையும் ரயிலையும் பார்த்துவிட்டு வந்தார்கள். 'கண் கெட்டுப் போகும்', 'குடும்பத்துக்கு ஆகாது' என்று சொன்னவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கூட்டமும் வந்துகொண்டுதான் இருந்தது.

1909 வாக்கில் சாமிக்கண்ணு சென்னைக்குத் திரும்பினார். எஸ்பிளனேடு பகுதியில் கூடாரம் போட்டார். இந்தத் தடவை படத்தோடு கிராமபோனையும் சேர்த்துக்கொண்டார். திரையில் உருவம் ஆடும், பக்கத்தில் தட்டு பாடும். பேசும் படம் வருவதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே ஜனங்களுக்கு அந்த ருசியைக் காட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அத்துடன் நிற்கவில்லை. பதே என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் படம் காட்டும் இயந்திரங்களுக்கு ஏஜெண்டாகவும் ஆனார். நாலு வருஷத்துக்கு முன் ஒருவரிடம் பெட்டியை வாங்கியவர், இப்போது நாலு பேருக்குப் பெட்டி விற்கிறார். அவரிடம் வாங்கியவர்கள் தாங்களும் ஊர் ஊராகக் கூடாரம் அடிக்கப் போய்விட்டார்கள். போட்டி வரும் என்று அவர் பயப்படவில்லை. போட்டிக்காரர்களுக்கு இயந்திரம் விற்பதையே ஒரு தொழிலாக்கிவிட்டார்!

இதற்குள் உலகத்தில் படத் தொழிலும் மாறிவிட்டது. நீளமான கதைப் படங்கள் வரத் தொடங்கின. படத்தை வாடகைக்கு விடும் வழக்கம் வந்தது. அதாவது, புடவையை மாற்றுவது சுலபமாகிவிட்டது, ஊரை மாற்ற வேண்டிய அவசியம் போய்விட்டது. இதைச் சாமிக்கண்ணு சட்டென்று புரிந்துகொண்டார். 1914-ல் சொந்த ஊரான கோயமுத்தூருக்கே வந்து, கூடாரம் போய்க் கட்டடமாக 'வெரைட்டி ஹால்' என்ற நிரந்தரப் படக் கொட்டகையைக் கட்டினார். தென்னிந்தியாவிலேயே முதன்முதலில் கட்டப்பட்ட சில நிரந்தரக் கொட்டகைகளில் அதுவும் ஒன்று.

1914-ம் வருஷத்துக் கோயமுத்தூரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஸ்டேன்ஸ் துரையின் நூல் மில் 1888-லேயே வந்துவிட்டது. ஆனாலும் பிற்காலத்தில் நாம் கண்ட மில் நகரம் அல்ல அது. வீதியில் எண்ணெய் விளக்கு, வீட்டில் குத்துவிளக்கும் சிம்னியும். அப்படிப்பட்ட ஊரில் தியேட்டருக்கு வெளிச்சம் வேண்டும் என்று இயந்திரம் வைத்து மின்சாரம் எடுத்தார். ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்: படம் பார்க்கப் போனவர்கள் பாதி, விளக்கு எரிவதைப் பார்க்கப் போனவர்கள் பாதி என்று!

இனிமேல்தான் கதையின் முக்கியமான பகுதி. தியேட்டர் என்று ஒன்று வைத்தால் படம் மாறும்போதெல்லாம் நோட்டீஸ் அடிக்க வேண்டும். சாமிக்கண்ணு 1916-ல் மின்சாரத்தால் ஓடும் அச்சுக்கூடம் வைத்தார். இயந்திரம் எப்படி ஓடும், எவ்வளவு எண்ணெய் குடிக்கும், எங்கே மக்கர் செய்யும் என்பதெல்லாம் அதற்குள் அவருக்கு அத்துபடி. சில வருஷங்களில் நெல் குத்தவும் மாவு அரைக்கவும் இயந்திர மில் வைத்தார். நம் பாட்டிமார்கள் விடியற்காலையில் எழுந்து உரலையும் உலக்கையையும் திரிகையையும் கட்டிக்கொண்டு மாரடித்தது உங்களுக்குத் தெரியும். வாழ்நாளில் ஒரு படம்கூடப் பார்க்காத பெண்ணுக்கும் அந்தப் படக்காட்சிக்காரரால் கைவலி கொஞ்சம் குறைந்தது என்றால், அது லேசான காரியமா?

'இது என்ன, படக்காரர், அச்சுக்காரர், மாவு மில்காரர்! ஒன்றில் நிலைத்து நிற்கத் தெரியாத ஆள் போலிருக்கிறதே' என்று சிலருக்குத் தோன்றலாம். அவர்கள் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கவலை இறைத்ததைக் கண்டவர்களைக் கேட்க வேண்டும். கவலை என்றால் மனசைப் பிடித்த கவலை அல்ல, மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்பாடு. பாறையை உடைத்து அடியில் கண்ட தண்ணீர். ஒரு சொட்டு வீணாக விடுவார்களா? முதல் தண்ணீர் ராகிக்கும் சோளத்துக்கும் போகும். வாய்க்கால் ஓரத்தில் கத்தரியும் மிளகாயும் நட்டிருப்பார்கள். வழியில் ஒரு தொட்டி, அதில் மாடு குடிக்கும். கடைசியில் கசிகிற ஈரம் தென்னை மரத்தடிக்கு. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு நாலு விவசாயம் போலத் தோன்றும். கிணறு ஒன்றுதான்.

சாமிக்கண்ணுவின் கிணறு எது? அந்த விளக்குப் பெட்டிதான். பெட்டிக்கு வெளிச்சம் வேண்டியதால் இயந்திரம் வந்தது. இயந்திரம் வந்ததால் அச்சுக்கூடமும் மில்லும் வந்தன. பெட்டிக்கு ஊர் வேண்டியதால் ரயில் பிரயாணம் வந்தது. ஊர் ஊராகப் போனதால் ஜனங்களின் ருசி தெரிந்தது. ருசி தெரிந்ததால் தியேட்டர் வந்தது. ஒவ்வொரு தொழிலும் முந்தைய தொழிலின் தேவையிலிருந்து முளைத்தது. புதிதாக ஒன்றைக் கண்டு மயங்கிப் பழையதை உதறிவிட்டு ஓடியதாக அவர் வாழ்க்கையில் ஓர் இடம் காட்டுங்கள் பார்க்கலாம். ரயில்வே உத்தியோகம் ஒன்றைத்தான் உதறினார்.

1931-ல் 'காளிதாஸ்' வந்தது. திரையில் உருவங்கள் பேசின, பாடின. அதுவரை ஊமைப்படம் காட்டிக்கொண்டிருந்தவர்களில் பலர் திகைத்துப் போனார்கள். பேசும் படம் என்றால் கொட்டகைக்குப் புது இயந்திரம் வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம், தமிழில் பேசும் படங்கள் போதுமான அளவு வேண்டும். தமிழ்நாட்டில் அப்போது பேசும் படம் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றுகூடக் கிடையாது. நடிகர்கள், பாட்டுக்காரர்கள், சமையல்காரர்கள் சகிதம் எல்லோரும் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயிலேறிப் போய்த்தான் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

சாமிக்கண்ணுவுக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. 'போதும், இருக்கிற தியேட்டரைப் பார்த்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்காரலாம்' என்று நினைக்க வேண்டிய வயது. அவரோ படம் எடுக்கவே புறப்பட்டுவிட்டார். கல்கத்தாவில் பயனீர் பிலிம் கம்பெனியோடு சேர்ந்து 1933-ல் 'வள்ளி திருமணம்' எடுத்தார். பி. வி. ராவ் டைரக்ஷன். வள்ளியாக நடித்தவர் டி. பி. ராஜலக்ஷ்மி. கதையைத் தேர்ந்தெடுத்ததிலேயே அவருடைய இருபத்தெட்டு வருஷ அனுபவம் தெரிகிறது. முருகனையும் வள்ளியையும் தெரியாத தமிழ் வீடு உண்டா? நாடக மேடையில் நூறு தடவை பார்த்து, நூற்றொன்றாவது தடவையும் பார்க்கத் தயாராக இருந்த கதை. படத்துக்குக் கூட்டம் அலைமோதியது. தொடர்ந்து 'சம்பூர்ண ஹரிச்சந்திரா', 'சுபத்ரா பரிணயம்' என்ற படங்களையும் எடுத்தார்.

ராஜலக்ஷ்மி அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை. 'காளிதாஸ்' கதாநாயகியும் இவரே. மேடையில் பாடி ஆடி வளர்ந்து, திரைக்கு வந்து, கதையும் எழுதி, 1936-ல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே டைரக்ட் செய்தார். தென்னிந்தியாவில் ஒரு பெண்மணி படத்தை டைரக்ட் செய்தது அதுவே முதல் தடவை. இவரும் ஒரு தொழிலில் கற்றதை அடுத்த தொழிலுக்கு விதையாக வைத்துக்கொண்டவர். 'இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்' என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரை எடுத்துச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் கல்கத்தாவுக்கு ரயில் செலவு செய்வது எத்தனை நாளைக்கு? கோயமுத்தூரிலேயே ஸ்டூடியோ வைத்தால் என்ன என்று எண்ணம் பிறந்தது. 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அந்த மின்சாரத்தால் கோயமுத்தூரில் மில்கள் பெருகின. மில்லில் பணம் கண்டவர்களுக்குப் படத்திலும் ஆசை வந்தது. 1930-களின் நடுவில் பி. ரங்கசாமி நாயுடு முதலிய பிரமுகர்களும் சாமிக்கண்ணுவும் சேர்ந்து சென்ட்ரல் ஸ்டூடியோவைத் தொடங்கினார்கள். தன்னந்தனியாகப் பெட்டி தூக்கிக்கொண்டு கிளம்பியவர், முதல் போடுகிறவர்களோடு சமமாக உட்கார்ந்து ஸ்டூடியோ ஆரம்பித்தார்.

சாமிக்கண்ணு 1942-ல் காலமானார். அவர் கை வைத்துத் தொடங்கிய காரியம் அதற்குப் பிறகும் பலருக்குச் சோறு போட்டது. சென்ட்ரல் ஸ்டூடியோவில் முசிரி சுப்பிரமணிய ஐயர் நடித்த 'துக்காராம்' 1938-லேயே வந்துவிட்டது. 1947-ல் 'ராஜகுமாரி' அங்கேதான் உருவாயிற்று. எம். ஜி. ராமச்சந்திரன் கதாநாயகனாக நடித்த முதல் படம் அது. வசனம் எழுதியவர் இளைஞராக இருந்த மு. கருணாநிதி. பிற்காலத்தில் இந்த ராஜ்யத்துக்கு முதல் மந்திரியாக வந்த இரண்டு பேரும் கோயமுத்தூரில் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தால் வேடிக்கையாக இல்லையா? எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு அதே ஊரில் பட்சிராஜா ஸ்டூடியோவை நடத்தி, 1954-ல் 'மலைக்கள்ளன்' எடுத்தார். ஒரே கதையை ஆறு பாஷைகளில் எடுத்தவர் அவர். தமிழ்ப் படத்துக்கு ராஷ்டிரபதியின் வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது.

இன்னொருவரையும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். சாண்டோ சின்னப்பா தேவர். கோயமுத்தூரில் மில் வேலை, பால் வியாபாரம், தேகப்பயிற்சி, படங்களில் சண்டைக் காட்சி என்று பாடுபட்டவர். 1956-ல் 'தாய்க்குப் பின் தாரம்' எடுத்துச் சொந்தக் காலில் நின்றார். 1971-ல் யானையை வைத்து அவர் எடுத்த ஹிந்திப் படம் தேசம் முழுவதும் ஓடிற்று. உள்ளூரிலேயே ஸ்டூடியோ இல்லாமல் இருந்திருந்தால் அந்த மாதிரி மனிதர்களுக்குப் பட உலகத்தின் வாசற்படி அத்தனை அருகில் இருந்திருக்குமா?

இந்த ஸ்டூடியோக்கள் இன்று ஸ்டூடியோக்களாக இல்லை. தொழில் சென்னையோடு போய்விட்டது. வெரைட்டி ஹாலும் பின்னால் 'டிலைட்' என்று பெயர் மாறிற்று. ஆனால் அது இருந்த வீதிக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். பித்தளைப் பாத்திரம் வாங்கவும் துணி எடுக்கவும் அந்தப் பக்கம் போய் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் காரணம் தெரியும்? தெரியாவிட்டால் தப்பில்லை. உங்களோடு வரும் குழந்தை கேட்டால் இனிமேல் சொல்லலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, 'ஆகவே, தாய்மார்களே, பிள்ளை வேலையை விடுகிறேன் என்றால் உடனே ஆசீர்வாதம் செய்து அனுப்புங்கள்' என்று முடித்தால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். விடவும் கூடாது. படம் எடுக்கிறேன் என்று போய் வீட்டையும் நகையையும் தோற்றவர்கள் தமிழ்நாட்டில் எண்ணிக்கையில் அடங்க மாட்டார்கள். அந்த வீடுகளில் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜெயித்த ஒருவரின் கதையைக் காட்டித் தோற்கப் போகிற பத்துப் பேருக்குத் தூபம் போடுவது பாவம்.

ஆனால், 'கூடாது' என்று ஒரேயடியாகச் சொல்லி வாயை மூடுவதிலும் ஒரு நஷ்டம் இருக்கிறது. ஆகவே, பிள்ளையாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், அவர்களை உட்கார வைத்து மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: 'நீ பணம் கொடுத்து வாங்குவது என்ன? கையில் தொடக்கூடிய பொருளா, வெறும் ஆசையா?' சாமிக்கண்ணு தம் பணத்தைக் கொடுத்து ஓர் இயந்திரம் வாங்கினார். அது நாளைக்கே காசு சம்பாதித்துத் தரும். வேண்டாமென்றால் இன்னொருவருக்கு விற்கலாம். அவருக்கு விற்றவர் செய்ததும் அதைத்தானே!

இரண்டாவது: 'அந்த வேலையை உன் கையால் செய்யத் தெரியுமா?' வரைபடம் போட்டுப் பழகியவர் அவர். இயந்திரத்தைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டியதைத் தாமே அறிந்துகொண்டார். தொழிலில் இறங்குகிறவருக்கே தொழில் தெரியாமல், தெரிந்த ஒருவரை நம்பி முதல் போட்டால், கடைசியில் தெரிந்தவரிடம் பணமும் போட்டவரிடம் அனுபவமும் மிஞ்சும்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம்: 'இது ஓடாவிட்டால், இதில் கற்றுக்கொண்டதை வைத்து அடுத்தது என்ன செய்வாய்?' இதற்குப் பதில் சொல்ல முடியாமல் ஒரு பிள்ளை முழித்தால், 'இன்னும் ஒரு வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டே யோசிப்பா' என்று சொல்லி வையுங்கள். பதில் சொல்லிவிட்டால், அடுத்த பண்டிகைச் செலவைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு, அவன் கணக்கையும் ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். வீட்டில் உங்களைவிட நன்றாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் யார்?

கோயமுத்தூரில் இருக்கிறவர்கள் இந்த மாதம் வெரைட்டி ஹால் ரோட்டுப் பக்கம் போனால், கடைக்குள் நுழைவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று வீதி விளக்கை அண்ணாந்து பாருங்கள். பகலாக இருந்தாலும் பரவாயில்லை.